துவக்கில்லாத வேட்டை

மேரிகிறேசின் வலக்கையில் தூரிகை, இடக்கையில் வாத்து. பலகையில் அறுத்த வாத்து. தலைக்குக் கடும் மண்ணிறம், முதுகுக்குச் சாம்பல், வாலடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. வெள்ளை கூடினால் வானத்தில் போகிற காட்டு வாத்து சந்தேகப்படும், குறைந்தால் தன் இனமென்று நம்பாது என்று பண்ணைக்காரி கிர்ஸ்டன் சொல்லியிருந்தாள். மார்ச் மாதக் குளிரில் வர்ணம் இறுகிக் கிடந்தது. மேரிகிறேஸ் அதை அடுப்பருகே வைத்து இளக்கிக் கொண்டுவந்து பூசினாள். பூசி முடித்தவற்றைக் கொட்டகைச் சுவரோரம் ஒன்றையொன்று தொடாமல் சாய்த்து வைத்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

குறை வெளியில் நின்றது. கொட்டகைக்கு அப்பால், வயல் ஓரத்தில், சுசீலாதேவி ஊதுகுழல் ஊதிப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு குறுங்கூவல், ஒரு நெடுங்கூவல். அச்சொட்டாக வாத்தின் குரல். ஒவ்வொரு கூவலுக்கும் மேரிகிறேசின் தூரிகை பலகையில் கொஞ்சம் கூடுதலாக அழுந்தியது.

டென்மார்க்கில், ஸ்கீவ பட்டணத்துக்கு வடக்கே, கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கழியோரத்தில் இருந்தது அந்தப் பண்ணை. இலையுதிர் காலத்தில் துவக்கோடு ஆண்கள் வருவார்கள். வயலில் வெட்டிய நீண்ட கிடங்குகளில் வைக்கோல் விரித்துப் படுத்திருந்து, இறங்கி வரும் வாத்துகளைச் சுடுவார்கள். வசந்தத்தில் சுடச் சட்டம் விடாது. ஆனால் வடக்கே முட்டையிடப் போகிற வாத்துகள் வசந்தத்தில்தான் கூட்டங்கூட்டமாக வந்து மேயும். புருஷன் செத்த மறுவருஷம் கிர்ஸ்டன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். அதே கிடங்குகளில் குடும்பங்களைப் படுக்கவைத்தாள். அதே பலகை வாத்துகளை வயலில் நட்டு, அதே குழலை ஊதி, தலைக்கு மேல் ஒரு பனை உயரத்துக்கு வாத்துகளை இறக்கிக் காட்டினாள். துவக்கு மட்டும் இல்லை. பள்ளிக்கூடங்கள், வங்கிக்காரர், பிள்ளைகுட்டியோடு தாய்தகப்பன், எல்லாரும் வந்தார்கள். துவக்கில்லாத வேட்டை என்பது கிர்ஸ்டன் வைத்த பெயர்.

அதற்கு விதிகள் உண்டு. சேற்று நிறத்தில் உடுப்பு. கம்பளித் தொப்பி புருவம்வரை. மினுங்குகிற எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. வழிநடத்துபவள் எழும்பச் சொல்லும்வரை மல்லாந்து கிடக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. கிர்ஸ்டனின் வாயில் அடிக்கடி வருகிற சொல் 'ஸ்டிலே'. சத்தம் போடாதே என்பது அதன் பொருள். மேரிகிறேஸ் டேனிஷ் மொழியில் முதலில் படித்த சொற்களில் அதுவும் ஒன்று.

அவளுக்கு வயது நாற்பத்து நாலு. மன்னாரில் பிறந்தவள். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனார்கள், அவள் கரையில் இருந்து மீன் வெட்டினாள். கட்டிக்கொண்ட கிறிஸ்துநாயகமும் கடலுக்குப் போனான், அவள் வெட்டினாள், உப்பிட்டாள், காயவைத்தாள். பிறகு கடலுக்குப் போக முடியாத காலம் வந்தது. கிழக்கு பெர்லினில் இறங்கி, கப்பலேறி, இரண்டு பேரும் டென்மார்க் வந்து சேர்ந்தார்கள். மொழி படிக்கும் வகுப்புக்கு ஒருநாள் கிர்ஸ்டன் வந்து, வாத்து உரிக்கத் தெரிந்தவர் உண்டா என்று கேட்டபோது மேரிகிறேஸ்தான் முதலில் கையை உயர்த்தினாள். இலையுதிர் காலம் முழுக்க இறகு பிடுங்கினாள். குடல் எடுத்தாள். குசினியில் பாண் வெட்டினாள், முட்டை அவித்தாள். அடுத்தவர் பிடித்ததைத் துப்புரவாக்குவதே தன் சீவியம் என்பது அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. ஒருமுறையாவது பிடிக்கிற பக்கம் நிற்க வேண்டும் என்று நினைத்தாள்.

அந்த வாய்ப்பு மாசி மாதத்தில் வந்தது. வசந்தக் கூட்டங்களுக்குக் கிர்ஸ்டன் தனியாக நின்று சமாளிக்க முடியாது. கூட ஒருத்தி வேண்டும். ஊதத் தெரிந்தால் அவளை வருஷம் முழுக்க வைத்துக்கொள்வேன் என்று சொல்லி, குழலை மேரிகிறேசிடம்தான் முதலில் நீட்டினாள். முதலில் வந்தவளுக்கு முதல் உரிமை.

மேரிகிறேசுக்கு மேல்வரிசையில் நாலு பல் கட்டுப்பல். உதட்டை இறுக்கி ஊதினால் பல் தட்டு மேலண்ணத்தை விட்டுக் கழன்றது. வந்தது வாத்துக் குரல் இல்லை, கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம். இன்னொருமுறை ஊதினாள். தட்டு முழுதாகக் கழன்று குழலின் வாயில் போய் முட்டியது. கிர்ஸ்டன் சிரித்தாள். கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை, சிரிப்பு வந்தது, சிரித்தாள். மேரிகிறேசுக்கு அது கெட்ட மனத்தைவிட மோசமாக இருந்தது.

பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு சுசீலாதேவி நின்றாள். யாழ்ப்பாணத்துப் பெண், மேரிகிறேசைவிடப் பதினைந்து வயது இளையவள். புருஷன் நித்தியானந்தன் கோப்பன்ஹேகனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். இவள் பண்ணைக்கு வந்து மாடியறையில் தங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேரிகிறேசே கிர்ஸ்டனிடம் கேட்டு, குசினிக்கு ஒத்தாசையாகக் கூட்டிவந்தவள்.

"நான் ஊதிப் பாக்கட்டோ அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாள். குழலைத் துணியில் துடைத்தாள். ஊதினாள். வயலில் மேய்ந்துகொண்டிருந்த உண்மையான வாத்துகள் கழுத்தை நிமிர்த்தின.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கிர்ஸ்டனின் காரில் முன்னிருக்கை சுசீலாவுக்கு. செத்த புருஷனின் வேட்டைக் கோட்டு சுசீலாவுக்கு. கிர்ஸ்டன் தன் பிளாஸ்கின் மூடியில் கோப்பி ஊற்றி, தான் பாதி குடித்து, மீதியை நீட்டுவதும் சுசீலாவிடம். மேரிகிறேசுக்குக் கோப்பி பிடிக்காது. நீட்டியிருந்தாலும் குடித்திருக்க மாட்டாள். ஆனால் நீட்டவில்லையே.

இப்போது சுசீலா கொட்டகைக்குள் வந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. சுவரோரம் நின்ற பலகை வாத்துகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"வடிவாப் பூசியிருக்கிறியள் அக்கா. இந்த மூண்டுக்கும் வால்ப்பக்கம் வெள்ளை கொஞ்சம் குறையுது போல."

"உனக்கு ஆர் சொன்னது?"

"கிர்ஸ்டன் நேற்றுச் சொன்னவ. கிட்டப் பறக்கேக்க அதுகள் வாலைத்தானாம் பாக்கும்."

"எனக்குப் போன வருஷமே சொன்னவ. நீ அப்ப டென்மார்க்கிலயே இல்லை."

சுசீலா சிரித்துக்கொண்டு போனாள். மேரிகிறேஸ் அந்த மூன்று வாத்துகளையும் எடுத்துப் பார்த்தாள். வெள்ளை குறைவாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, கூட்டிப் பூசினாள்.

அந்தக் கிழமையே கிர்ஸ்டன் புதுச் செய்தி சொன்னாள். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள் மத்தியானத்துக்குப் பிறகு ஸ்கீவயில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. சுசீலா தனியாக, தமிழில், தானே வழிநடத்துவாள். நன்றாக நடந்தால் வருஷ வேலை அவளுக்கு. பிறகு மேரிகிறேசைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"நீ அவர்களைத் தேவாலயத்தில் காண்பாய். எப்படி உடுத்து வர வேண்டும் என்று நீயே சொல்லிவிடு."

மேரிகிறேஸ் தலையாட்டினாள். சொல்லத்தான் நினைத்தாள். கிர்ஸ்டன் சொன்ன விதிகளை வீட்டில் தமிழாக்கிப் பாடமும் பண்ணினாள்.

குருத்து ஞாயிறன்று கோப்பன்ஹேகனிலிருந்து வந்த சுவாமி ஸ்கீவயில் இரவல் மண்டபம் ஒன்றில் தமிழ்ப் பூசை வைத்தார். குருத்தோலைக்குப் பதில் எல்லார் கையிலும் ஊசியிலைக் கொப்பு. பூசை முடிந்து பற்றீசும் தேத்தண்ணியும் பரிமாறும்போது விக்ரோரியா மேரிகிறேசைப் பிடித்துக்கொண்டாள். விக்ரோரியாவிடம் ஒன்றைச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. பக்கத்தில் நவரத்தினம் நின்றார். அவர் சைவக்காரர். பூசைக்குப் பிந்தி வருவார், பற்றீசுக்கு நேரத்துக்கு வருவார். திங்கட்கிழமைக்கு வான் ஒழுங்கு பண்ணியதும் அவர்தான்.

"மேரிகிறேஸ் அக்கா, தாரா பாக்கப் போறதுக்கு என்ன உடுக்கிறது?" என்றாள் விக்ரோரியா.

"தாரா இல்லை. காட்டு வாத்து."

"சரி, அது. உந்தச் சுசீலாதானாம் எல்லாம் காட்டப்போறா? கெட்டிக்காரிதான். வந்து எத்தினை நாள்? நீங்கள் போன வருஷம் தொட்டு நிக்கிறியள் என்ன?"

"நான் குசினி," என்றாள் மேரிகிறேஸ்.

"ஊரில பங்கர் வெட்டுறாங்களாம்," என்றார் நவரத்தினம், வாயில் பற்றீசோடு. "இஞ்ச நாங்கள் விரும்பிப் போய்க் கிடங்குக்குள்ள படுக்கப் போறம். விதியைப் பாருங்கோ."

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை. அக்கா, படம் எடுப்பினமோ?"

"ஓம். கிர்ஸ்டனிட்ட நல்ல கமரா கிடக்கு."

"அப்ப ஊருக்கு அனுப்பலாம். போன முறை அனுப்பின படத்தில கறுத்தக் கோட்டுக்குள்ள நிண்டனான். உடுக்கவும் வழியில்லாமக் கிடக்கிறமாக்குமெண்டு அம்மா அழுது கடிதம் போட்டவ."

பாடம் பண்ணிய விதிகள் மேரிகிறேசின் நாக்கு நுனிவரை வந்தன. சேற்று நிறம். கம்பளித் தொப்பி. மினுக்கம் கூடாது. வாயைத் திறந்தால் கொட்டிவிடும். அந்த நேரம் பார்த்து, மண்டபத்தின் மறுகோடியில், சுவாமி ஒரு சின்னப் பிள்ளையிடம், "நீயும் போறியோ? அந்த அக்கா வாத்தைக் கூப்பிட்டால் வாத்து வருமாமே," என்று சொன்னது காதில் விழுந்தது. கோப்பன்ஹேகன் சுவாமிவரைக்கும் சுசீலாவின் பெயர் போயிருக்கிறது.

"அப்ப நல்லதா உடுத்துக்கொண்டு வாங்கோ," என்றாள் மேரிகிறேஸ்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. கமரா இருந்தது உண்மை. படம் எடுப்பதும் உண்மை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான். பெரிய வெள்ளிக்கு முந்திய பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்லலாமா என்று யோசித்தாள். இன்னும் நடக்காத ஒன்றை எப்படிப் பாவம் என்று சொல்வது என்று விட்டுவிட்டாள். மனிதர் மனத்துக்குச் சட்டம் படிக்காமலே சட்டம் தெரியும்.

திங்கட்கிழமை வெயில் எறித்தது. எறிக்காமல் இருந்திருந்தால் கொஞ்சம் தப்பியிருக்கலாம்.

வானும் இரண்டு காரும் முற்றத்தில் வந்து நின்றன. முதலில் விக்ரோரியா இறங்கினாள். அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம், மஞ்சள் கரை, அதன்மேல் கோட்டைப் பொத்தான் போடாமல் திறந்து விட்டிருந்தாள். கழுத்தில் தாலிக்கொடி, அட்டியல். பின்னால் கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், தங்கச் சரிகை. பெண்பிள்ளைகளின் சட்டைகளில் கண்ணாடி வேலை. நவரத்தினம் கம்பளிக் காற்சட்டைக்கு மேல் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். தட்டம் தட்டமாக ரோல்ஸ், கடலை வடை, ஒரு பெரிய பிளாஸ்க்.

மேரிகிறேஸ் குசினி யன்னலில் நின்று பாண் வெட்டினாள். கத்தி நிற்காமல் போய்வந்தது. கண் முற்றத்தில் இருந்தது.

சுசீலா வேட்டைக் கோட்டோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். கிர்ஸ்டன் அவள் பின்னால் வந்து, "இன்றைக்கு யாருக்குக் கலியாணம்?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை.

சுசீலா ஓடினாள். கொட்டகையில் கிடந்த பழைய கோட்டுகள், குதிரைக்குப் போர்த்திய கம்பளி, உருளைக்கிழங்கு மூடிய சாக்குகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதைப் போர்த்துக்கொள்ளுங்கோ. பளிச்செண்டு தெரிஞ்சால் வாத்து இறங்காது."

விக்ரோரியா சாக்கை மோந்து பார்த்தாள். "படம் எடுத்தாப் பிறகு போர்க்கிறன் பிள்ளை."

"படம் பிறகு எடுப்பம். முதல் கிடங்குக்குப் போவம்."

"பிறகு எடுத்தாச் சேலை கசங்கிப் போயிடும் எல்லே?"

பிள்ளைகள்கூடச் சாக்கைத் தொட மறுத்தன. ஒரு சிறுமி டேனிஷில், நாறுகிறது என்று சொல்லித் தாயின் முந்தானைக்குள் புகுந்தாள். கடைசியில் பாதிப் பேர் போர்த்தும், பாதிப் பேர் போர்க்காமலும் வயலுக்கு நடந்தார்கள். மேரிகிறேஸ் கோப்பிக் கலத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வேலிக்கு இப்பால் நின்றால் எல்லாம் தெரியும்.

எல்லாரும் கிடங்கில் படுத்தபோது, கழியில் இளைப்பாறிவிட்டு வாத்துகள் திரும்பும் நேரம். முதல் கூட்டம் தெற்கே தெரிந்தது, வளைந்த நூல்போல. சுசீலா ஊதினாள். நன்றாகவே ஊதினாள், அதை மேரிகிறேஸ் தனக்குள் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நூல் வளைந்தது, குறுகியது, பலகை வாத்துகளைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. சிறகை விரித்து நிறுத்தி, இளஞ்சிவப்புக் கால்களைத் தொங்கவிட்டன. இன்னும் கொஞ்சம்.

"இதுகளைக் கறி வைச்சா எத்தினை பேருக்குக் காணும்?" என்றார் நவரத்தினம்.

கிடங்கு முழுக்கச் சிரிப்பு. விக்ரோரியாவின் முந்தானை காற்றில் எழும்பி, கிடங்கு விளிம்பில் சிவப்புக் கொடியாக அடித்தது. அதைப் பிடிக்க அவள் எழுந்து உட்கார்ந்தாள். அட்டியலில் வெயில் பட்டது. ஒரு வாத்து கத்தியது. அவ்வளவு கூட்டமும் ஒரேயடியாக மேலே ஏறியது. போகிற போக்கில் கழியிலிருந்து வந்த மற்றக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு, தெருவைத் தாண்டி, அயல்காரர் புதிதாக வாற்கோதுமை விதைத்த வயலில் போய்க் கொட்டியது. வாத்துகளைத் தன் வயலிலேயே வைத்திருப்பேன் என்று கிர்ஸ்டன் அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மேரிகிறேசின் வயிற்றில் சூடான கஞ்சி இறங்கினாற்போல ஒரு சுகம் பரவியது. அதை மறைக்க வேண்டியும் இருக்கவில்லை. அவள் முகத்தை அந்த நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்.

அயல்காரர் டிராக்டரில் வந்தார், சத்தம் போட்டார், போனார். கிர்ஸ்டன் கிடங்கருகே வந்தாள். மேரிகிறேசும் கோப்பிக் கலத்தோடு வந்து சேர்ந்தாள்.

"ஏன் இப்படி வந்தார்கள்? யாரும் சொல்லவில்லையா?" என்று கிர்ஸ்டன் சுசீலாவைக் கேட்டாள்.

கேள்வி விளங்காவிட்டாலும் கிர்ஸ்டனின் முகம் விக்ரோரியாவுக்கு விளங்கியது. "நாங்கள் என்ன செய்யிறது? நல்லதா உடுத்துக்கொண்டு வரச்சொல்லி மேரிகிறேஸ் அக்காதானே சொன்னவ," என்றாள் தமிழில். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"என்ன சொல்கிறாள்?" என்றாள் கிர்ஸ்டன்.

சுசீலா திரும்பி மேரிகிறேசைப் பார்த்தாள். மேரிகிறேசின் கையில் கலம் கனத்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. சுசீலாவின் கண்ணில் கோபம் இருந்தது. பிறகு வேறொன்று வந்தது. மேரிகிறேசுக்கு அந்த இரண்டாவது பிடிக்கவேயில்லை.

"தங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையாம்," என்றாள் சுசீலா டேனிஷில். "நான் போன் செய்து கேட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்."

கிர்ஸ்டன் அயல்காரரின் வயலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, நாளைக் காலை சில்க்போர்க்கிலிருந்து குடும்பங்கள் வருகின்றன, மேரிகிறேஸ் என்னோடு கிடங்குக்கு வரட்டும், குழலை நான் ஊதிக்கொள்கிறேன், சுசீலா முட்டை அவிக்கட்டும் என்றாள். அதோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பலகை வாத்துகளைப் பிடுங்கி மடியில் வைத்துப் படம் எடுத்தார்கள். வைக்கோலில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார்கள். போகும்போது, அடுத்த வருஷமும் வருவோம் என்றார் நவரத்தினம்.

வீட்டில் கிறிஸ்துநாயகம் மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். மேரிகிறேஸ் எல்லாவற்றையும் சொன்னாள். அவனிடம் ஒளிப்பதில் பயனில்லை, அவன் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறவன்.

"அப்ப கிடைச்சிட்டுது," என்றான். "பிறகேன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?"

"அவள் என்னத்துக்கு எனக்காகப் பொய் சொன்னவள்?"

"உன்னைக் காப்பாத்த."

"நான் கேட்டனானே? என்னைவிட வயசில இளையவள். நான் கூட்டிக்கொண்டு வந்து விட்டவள்."

"நல்ல பிள்ளை எண்டு நினைச்சிட்டுப் படு."

அதுதான் முள். நல்ல பிள்ளை. குழலும் அவளுக்கு, கோட்டும் அவளுக்கு, காரில் முன்னிருக்கையும் அவளுக்கு. இப்போது நல்ல மனமும் அவளுக்கு. இனி ஒவ்வொரு நாளும் குசினிக்குள் வந்து, ஒன்றும் பேசாமல், ஒன்றும் சொல்லிக் காட்டாமல் முட்டை அவிப்பாள். அந்தப் பேசாமையை ஒரு வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டு எப்படி வேலை செய்வது? வென்றதை எடுத்து மேலே பூசிக்கொள்ளலாம் என்றால், அதிலும் அவள் கைதான் தெரிகிறது. மேரிகிறேஸ் பல் தட்டைக் கழற்றிக் கோப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தாள். நித்திரை வரவில்லை.

மறுநாள் விடியமுன் சைக்கிளில் பண்ணைக்குப் போனாள். கிர்ஸ்டன் முற்றத்தில் விளக்குப் போட்டுப் பலகை வாத்துகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் ஒரு சோடி ரப்பர் சப்பாத்தை எடுத்து நீட்டினாள். மேரிகிறேஸ் வாங்கவில்லை. தெரிந்த டேனிஷ் சொற்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"நான் தெரியும்," என்றாள். "உடுப்பு தெரியும். நான் சொல்லவில்லை. நான். சுசீலா பொய்."

மன்னிப்புக் கேட்கிறபோதும் மற்றவளைப் பொய்க்காரி ஆக்காமல் விட அவளால் முடியவில்லை. மனச்சாட்சி உறுத்தி வந்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தனக்கு மேலே ஒருத்தி நல்லவளாக நிற்பதைப் பொறுக்க முடியாமல் வந்தாள்.

"ஏன்?" என்று கேட்டாள் கிர்ஸ்டன்.

அதற்கு மேரிகிறேசிடம் டேனிஷில் சொல் இல்லை. தமிழில் இருந்தது. அதைச் சொல்லி என்ன பயன்? வயலைக் கையால் காட்டி, "அவள் அங்கே," என்றாள். குசினியைக் காட்டி, "நான் இங்கே."

கிர்ஸ்டன் சப்பாத்தை வண்டியில் போட்டாள். கோபத்தில் கத்துகிற பெண் இல்லை அவள். ஒவ்வொரு சொல்லாக, விளங்கும்படி நிறுத்திச் சொன்னாள்:

"வேலையை விட்டு உன்னை அனுப்ப மாட்டேன். ஆனால் கிடங்கில் எனக்குப் பக்கத்தில் படுக்கிறவள் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டும். போ. முட்டை அவி."

பிறகு மாடியறை யன்னலைப் பார்த்துச் சுசீலாவைக் கூப்பிட்டாள். சில்க்போர்க் குடும்பங்கள் சேற்று நிறத்தில், புருவம்வரை தொப்பியோடு, இருட்டில் வந்து இறங்கின. விடியும்போது வயலில் இருந்து குழல் சத்தம் கேட்டது. பிறகு வாத்துகளின் சத்தம், கூரைக்கு மேலால், மிகத் தாழ்வாக. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேரிகிறேஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. பானையில் முட்டைகளை ஒவ்வொன்றாக அகப்பையால் இறக்கினாள்.

வெளிச்சம் வந்த பிறகு சுசீலா காலைச் சாப்பாட்டுக் கூடைக்காகக் குசினிக்கு வந்தாள். கோட்டில் வைக்கோல் ஒட்டியிருந்தது. கதவடியில் நின்றாள்.

"கிர்ஸ்டன் சொன்னவ. வருஷம் முழுக்க நிக்கட்டாம்."

"நில்லன்."

"அக்கா, ஏன் போய்ச் சொன்னனீங்கள்? நான்தான் ஒண்டும் சொல்லேல்லையே."

"நீ மட்டும் நல்லவளா இருக்கவோ?"

சுசீலா விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஊதி ஊதிச் சொண்டெல்லாம் வெடிச்சுப் போச்சு," என்றாள் கடைசியில்.

"மேல்தட்டில வசிலின் கிடக்கு. பூசு. நக்காதை, நக்கினால் இன்னும் வெடிக்கும்."

சுசீலா வசிலினைத் தேடிப் பூசினாள். மேரிகிறேஸ் அவித்த முட்டைகளைத் துணி விரித்த கூடையில் அடுக்கினாள். கறுப்புப் பாண், வெண்ணெய், உப்பு எல்லாம் வைத்தாள். சில்க்போர்க்காரருக்கு நல்ல முட்டைகள். கிர்ஸ்டனுக்கு எல்லாவற்றிலும் பெரியது. சுசீலாவின் பங்குக்கு, பானைக்குள் கையை விட்டு, கோது வெடித்து வெள்ளைக்கரு வெளியே வழிந்திருந்த ஒன்றைத் தேடி எடுத்து வைத்தாள்.